நாலு ஏலக்காய்

அந்தப் பையைக் கொஞ்சம் உன் காலடிக்குத் தள்ளிக்கொள் அம்மா. என் மடியில் இருப்பது பலகார டப்பா. சாய்ந்தால் மேலே தூவியிருப்பதெல்லாம் ஒரு மூலைக்குப் போய்விடும். பாளையங்கோட்டைக்கா நீ? நானும் அங்கேதான். நீ எதற்குப் போகிறாயோ தெரியாது, நான் சண்டை போடப் போகிறேன்.

சிரிக்காதே. உண்மையாகத்தான் சொல்கிறேன். பலகாரம் கொண்டுபோகிறவள் சண்டை போடக்கூடாதா? வெறுங்கையோடு போய்ச் சண்டை போடுகிற குடும்பத்தில் நான் பிறக்கவில்லை.

என் தம்பி பெண்டாட்டியோடுதான் சண்டை. மரிசெல் என்று பெயர். பிலிப்பைன்ஸ்காரி. ஒரு வருஷமாக என்னோடு பேசவில்லை. எதற்காக என்று கேள். நாலு ஏலக்காய். கொலை செய்தேனா, கொள்ளையடித்தேனா? நாலு ஏலக்காயைத் தட்டிப் போட்டேன். அதற்காக வீட்டைக் காலி செய்துகொண்டு, பிள்ளையையும் தூக்கிக்கொண்டு பாளையங்கோட்டைக்குக் குடிபோய்விட்டாள். இன்றைக்கு நேருக்கு நேர் கேட்டுவிடப் போகிறேன். பதில் சொன்னால் சரி. சொல்லாவிட்டால் இனி அந்த வாசலை மிதிக்கப்போவதில்லை. அவளும் வேண்டாம், அவள் பலகாரமும் வேண்டாம், பிள்ளையும் வேண்டாம்.

பிள்ளை வேண்டாம் என்று வாய் சொல்கிறது. லியானா என்று பெயர். மூன்றாம் வகுப்பு. இரவில் என் சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டால்தான் அதற்குத் தூக்கம் வரும். இப்போது எதைச் சுற்றிக்கொள்கிறதோ.

என்னைத் தெரியாதா உனக்கு? தூத்துக்குடியில் எமரன்சியா டீச்சர் என்றால் தெரியும். காலமெல்லாம் ஐந்தாம் வகுப்பு. தப்பு ஒன்று கண்ணில் பட்டால் கை தானாகச் சிவப்பு மையைத் தேடும். பள்ளிக்கூடத்தை விட்டு வந்த பிறகும் அது போகவில்லை. கல்யாணப் பத்திரிகை வந்தால் திருத்தித்தான் மேஜையில் வைப்பேன். கோயிலில் வாசகம் வாசிக்கிற பெண் ஒரு சொல்லைத் தப்பாகச் சொன்னால் நான் உட்கார்ந்த இடத்தில் இருந்தே சரியாகச் சொல்லுவேன். சாமியார் முறைப்பார். முறைக்கட்டும். தப்பைத் தப்பு என்று சொல்வது கெட்ட குணமா?

என் தம்பி ஹில்டனை வளர்த்ததே நான்தான். அம்மா போகும்போது அவன் இடுப்புப் பிள்ளை. எனக்குக் கல்யாணம் ஆகாமல் போனதற்கு அவன் காரணம் இல்லை, ஆனால் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். படிக்கவைத்தேன். கப்பலில் இஞ்சின் ரூமில் வேலைக்குப் போனான். பத்தாங்காஸ் என்று ஒரு துறைமுகம். அங்கே இவன் கப்பல் பழுதாகி நின்றுவிட்டது. துறைமுகத்துக்கு எதிரில் ஒரு தாயும் மகளும் பலகாரம் விற்றார்கள். இவன் பசிக்குச் சாப்பிடப் போனான். கப்பல் கிளம்பும்போது மகளைக் கட்டிக்கொள்கிறேன் என்று எனக்குப் போன் செய்தான். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "நம்ம வேதமாடா?" "ஆமாக்கா, நம்மளவிடப் பெரிய வேதக்காரங்க" என்றான். பிறகு நான் என்ன சொல்ல? வரட்டும் என்றேன். வரட்டும் என்று சொன்னது யார்? நான். அதை யாராவது இப்போது நினைத்துப் பார்க்கிறார்களா?

வந்தாள். ஒல்லிப் பெண். சிரித்த முகம். புருஷனுக்கு அக்கா, அதனால் என்னை மைனி மைனி என்று காலைச் சுற்றிக்கொண்டே இருப்பாள். சாலைத் தெருவில் எங்கள் வீடு பழைய வீடு. அடுப்படி பெரியது. அந்த அடுப்படியைப் பார்த்ததும் அவள் கையைத் தட்டினாள். பெட்டியைத் திறந்தால் உடுப்பு கொஞ்சம், அரிசி நிறைய. அவர்கள் ஊர் அரிசி. சமைத்தால் பசை மாதிரி ஒட்டும். அதை வேகவைத்து, தேங்காய்ப்பாலில் சர்க்கரையைக் கரைத்துக் காய்ச்சி, இரண்டையும் சேர்த்துச் சட்டியில் ஒட்டாமல் வருகிறவரைக்கும் கிண்டவேண்டும். பிறகு வாழையிலையில் பரப்பி, தேங்காய்ப்பாலை எண்ணெய் பிரியக் காய்ச்சினால் நிற்குமே கசண்டு, அதைப் பொன்னிறமாக வறுத்து மேலே தூவவேண்டும். பீக்கோ என்று பெயர். அவர்களுக்கு நல்லதுக்கும் அதுதான், கெட்டதுக்கும் அதுதான்.

அந்த மாதம் அன்பியக் கூட்டம் எங்கள் வீட்டில். தெருவில் உள்ள பதினைந்து இருபது வீட்டுக்காரர்கள் வந்து ஜெபம் சொல்லிவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போவார்கள். மரிசெல் பீக்கோ செய்து வைத்தாள். வாயில் வைத்தவர்கள் எல்லாம் மரியாதைக்கு ஒரு வாய் தின்றுவிட்டுத் தட்டை நாற்காலிக்கு அடியில் தள்ளினார்கள். எதிர்வீட்டுப் பிரகாசிக்கு மட்டும் வாயில் பூட்டு கிடையாது. "என்ன டீச்சர், ஏலக்கா இல்ல, நெய் இல்ல, முந்திரி இல்ல. காய்ச்சக்காரனுக்குக் குடுக்கிற பத்தியப் பொங்கலா இது?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மரிசெலும் சிரித்தாள். புரியாமல் சிரித்தாள். அதைப் பார்க்க எனக்குத் தாளவில்லை.

மறுநாள் அவளை அடுப்படியில் நிறுத்தினேன். "இங்க பாரு. உங்க ஊரு வேற, எங்க ஊரு வேற. இங்க நாக்குக்கு ஏதாவது ஒண்ணு தட்டுப்படணும்" என்று சொல்லிக்கொடுத்தேன். சர்க்கரைக்குப் பதில் உடன்குடிக் கருப்பட்டி. கொஞ்சம் சுக்கு. ஏலக்காய். நெய். அடுத்த கூட்டத்தில் அதே பிரகாசி தட்டை வழித்து நக்கினாள். "டீச்சர் கை பட்டா தனிதான்" என்றாள்.

அதற்கப்புறம் அந்த அடுப்படியில் நாங்கள் செய்யாத பலகாரம் இல்லை. அவர்கள் ஊரில் ஊதா நிறத்தில் ஒரு கிழங்கைக் கிண்டி அல்வா மாதிரிச் செய்வார்களாம். அந்தக் கிழங்குக்கு எங்கே போவாய் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் சந்தையில் ராசவள்ளிக் கிழங்கைப் பார்த்துவிட்டு நடுத்தெருவில் நின்று கத்தினாள், "மைனி! இதான்! இதான்!" என்று. காய்கறிக்காரி பயந்தே போனாள். பாலைச் சுண்டக் காய்ச்சி விரல் நீளத்துக்கு உருட்டிக் கலர்த் தாளில் சுற்றுவாள். அதில் நன்னாரி ஒரு தரம், இஞ்சி ஒரு தரம், காபித்தூள் ஒரு தரம். மாவை வறுத்துப் பால்பவுடரும் வெண்ணெயும் சேர்த்து அச்சில் அடிப்பாள், வாயில் போட்டால் உதிரும். அதில் எள், கடலை. பலாப்பழக் காலத்தில் எல்லாவற்றிலும் பலாப்பழம். அதெல்லாம் அவளே போட்டதுதான். நான் சொல்லுவேன், அவள் போடுவாள். சில நேரம் அவள் போடுவாள், நான் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளேன். இதைக் கவனி. வருஷம் பூராவும் இவ்வளவு ருசி மாற்றினவள்தான் அவள். அன்றைக்கு ஒரு நாள் மட்டும் மாற்றக்கூடாது என்றால் என்ன நியாயம்?

அரிசிமாவைத் தட்டிக் கொதிக்கிற வெந்நீரில் போடுவாளே, அது ஒன்று. அடியில் கிடக்கும். வெந்ததும் தானாக மிதக்கும். லியானாவை முக்காலியில் ஏற்றி நிறுத்தி, "தொடக்கூடாது, அது வரும், காத்திருக்கணும்" என்று சொல்லிக்கொடுப்பாள். எனக்கு அதெல்லாம் ஆகாது. கரண்டியால் ஒரு கிண்டு கிண்டிவிடுவேன். பிள்ளை சிரிக்கும். "அத்தைக்குப் பொறுமையே இல்ல." உடைந்ததை மரிசெல் தன் தட்டில் போட்டுக்கொள்வாள்.

கிறிஸ்மஸ் சமயத்தில் கோயில் வளாகத்தில் பலகார மேஜை போட்டோம். டீச்சர் வீட்டுப் பலகாரம் என்று அட்டையில் எழுதி வைத்தேன். அவள் பெயரையும் எழுதவா என்று கேட்டேன். கேட்டேனா? கேட்டிருப்பேன்.

அவள் அம்மாவைப் போனில் பார்ப்பேன். நானாய் என்றுதான் கூப்பிடுவாள், அவர்கள் பாஷையில் அம்மா. அந்த அம்மாவுக்கு முன்பல் இரண்டு கிடையாது. நான் ஏலக்காயைக் கையில் வைத்துக் காட்டினால் உற்றுப் பார்த்துத் தலையை ஆட்டிச் சிரிக்கும். ஒரு நாள் ஏதோ நீளமாகச் சொல்லியது. "என்ன சொல்லுதாங்க?" என்றேன். மரிசெல் யோசித்துச் சொன்னாள்: "கடைக்கு நிறைய ருசி மைனி. வீட்டுக்கு ஒரு ருசி. அம்மா சொல்றாங்க." அது என்ன பேச்சு? நல்ல ருசி என்றால் கடையில் என்ன, வீட்டில் என்ன? அந்த அம்மா பள்ளிக்கூடம் போகாத பொம்பிளை, விட்டுவிட்டேன்.

வாகைக்குளம் தாண்டிவிட்டதா? ஜன்னலைக் கொஞ்சம் இழுத்து மூடு. தூசி.

அந்த அம்மா போய்விட்டது. இருந்தாற்போல ஒரு காலையில். அப்போது பார்த்து லியானா டெங்குக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறது, ஹில்டன் நடுக்கடலில் இருக்கிறான். மரிசெல் போகமுடியவில்லை. அடக்கத்தைப் போனில் பார்த்தாள், ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு. பக்கத்தில் நின்றது யார்? நான். அவர்கள் வழக்கப்படி ஒன்பது நாள் ஜெபம். ஒன்பது நாளும் ஜெபமாலை சொன்னது யார்? நான். தமிழில்தான் சொன்னேன், அதற்கென்ன, மாதாவுக்குத் தமிழ் தெரியாதா? கஞ்சி வைத்துக் கொடுத்தேன். தலை வாரிவிட்டேன். அதையெல்லாம் நான் சொல்லிக்காட்டுகிற ஆள் இல்லை.

ஒரு வருஷம் கறுப்பு உடுத்தினாள். சாலைத் தெருவில் சித்திரை வெயிலில் கறுப்பு. வருஷம் முடிகிற அன்றைக்குக் கறுப்பைக் கழற்றுவார்களாம். அதற்கு முன்னால் பீக்கோ செய்து, செத்தவர் படத்துக்கு முன்னால் வைக்கவேண்டும். முதல் வாய் அவருக்கு. அதற்குமுன் யாரும் தொடக்கூடாது, ருசி பார்க்கக்கூடாது. அதே நேரத்தில் அங்கே அவள் அண்ணன் தங்கைகளும் வைப்பார்கள். எல்லோரும் போனில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே துக்கத்தை முடிப்பார்கள். அதற்காகவே அரிசி அங்கிருந்து வந்தது. அந்த அம்மா கடைசியாக வாங்கிப் பானையில் போட்டு வைத்திருந்த அரிசியில் மிச்சமாம். ஹில்டனின் கூட்டாளி ஒருவன் கொண்டுவந்து கொடுத்தான். ஒரு சின்ன பை.

காலையில் இருந்து ஒருத்தியாகச் செய்தாள். என்னைக் கிட்டே விடவில்லை. தேங்காய் துருவுகிறேன் என்றேன். "வேண்டாம் மைனி." அடுப்பைப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "வேண்டாம் மைனி." பிறகு பூசைக்கு நேரமாகிவிட்டது. அவள் அம்மா பெயரைச் சொல்லிப் பூசை கேட்டிருந்தாள். பெயர் வாசிக்கும்போது இருக்கவேண்டாமா? அப்போது மட்டும் மைனி தேவைப்பட்டது. தீயைக் குறைத்துவிட்டுக் கரண்டியை என் கையில் தந்தாள். "அடி பிடிக்காம கிண்டுங்க மைனி. ருசி மட்டும் பாக்காதீங்க."

எப்படி இருக்கிறது பார். என் வீட்டு அடுப்பு, என் அம்மா சட்டி. ருசி பார்க்காதே என்று எனக்குச் சொல்கிறாள்.

நான் கிண்டினேன். கிண்டிக்கொண்டே இருந்தேன். ஒரு வாசமும் வரவில்லை. வெறும் தேங்காய், வெறும் சர்க்கரை. நாக்கு நுனியில் ஒரு துளி வைத்துப் பார்த்தேன். ஒரு துளிதான். சப்பென்று இருந்தது. அன்றைக்கு அன்பியத்தில் எல்லோரும் நாற்காலிக்கு அடியில் தள்ளினார்களே, அதே சப்பு. எனக்கு அந்த அம்மா முகம்தான் ஞாபகம் வந்தது. வருஷத்துக்கு ஒரு தரம் தின்ன வருகிற ஆத்மா. அதற்கு இப்படியா வைப்பது? உயிரோடு இருக்கிறவர்களுக்குக் கருப்பட்டி, சுக்கு, நெய். செத்தவளுக்குப் பத்தியப் பொங்கலா? அப்படி நினைத்துத்தான் போட்டேன். நாலு ஏலக்காய். தோலை எடுத்து, சர்க்கரை சேர்த்துப் பொடித்து, பக்குவமாகப் போட்டேன். ஒரு திருத்தம். அவ்வளவுதான்.

அவள் திரும்பி வந்தாள். வாசலில் ஒரு செருப்பைக் கழற்றினாள். இன்னொன்றைக் கழற்றாமல் அப்படியே நின்றாள். அங்கேயே மணந்துவிட்டது. உள்ளே வந்து சட்டியைப் பார்த்தாள். கரண்டியைப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும். கத்தவில்லை. அடுப்பை அணைத்தாள். போன் அடித்தது. அண்ணன் தங்கைகள். அவள் ஒரு வெறும் தட்டை எடுத்துக் கழுவித் துடைத்துப் படத்துக்கு முன்னால் வைத்தாள். வெறும் தட்டு! பிறகு போனை எடுத்தாள். அந்தப் பக்கம் எல்லோரும் அந்தத் தட்டையே பார்த்தார்கள்.

எல்லாம் முடிந்தபிறகு என்னிடம் வந்து ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். "மைனி, இது உங்களுக்கு இல்ல."

கேட்டாயா? எனக்கு இல்லையாம். என் வீட்டில் வெந்த பண்டம் எனக்கு இல்லையாம். ஒரு துளி நாக்கில் வைத்ததற்கு இந்தப் பேச்சு. நான் என்ன தின்னாமல் கிடந்தவளா? அவளுக்கு ஆக்கிப்போட்டவள் நான். எனக்கு இல்லை என்கிறாள். ஒரு வருஷமாக அந்த வார்த்தை நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டு நிற்கிறது. அதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி பதில். இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

நான் சமாதானம்தான் பேசினேன். "திரும்பச் செஞ்சா போச்சு. ஒரு படி அரிசி என்ன தங்கமா? காரைக்குடிக் கவுனி அரிசி வாங்கித்தாறேன், அதுவும் ஒட்டும்" என்றேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சரி, கோபம் ஆறட்டும் என்று விட்டேன். அவ்வளவு பண்டத்தையும் என்ன செய்வது? வீணாக்கலாமா? அன்று சாயங்காலம் பிரகாசி வீட்டில் அன்பியம். கொண்டுபோனேன். ஒரு வில்லை மிஞ்சவில்லை. "டீச்சர், இதுவரைக்கும் செஞ்சதுல இதுதான் உச்சம்" என்றார்கள். அதை வந்து அவளிடம் சொன்னேன். சந்தோஷப்படட்டும் என்றுதானே சொன்னேன்? அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கறுப்பை அன்றைக்குக் கழற்றவில்லை. மறுநாளும் கழற்றவில்லை. போன மாதம் பிரகாசி பாளையங்கோட்டை மார்க்கெட்டில் அவளைப் பார்த்தாளாம். இன்னும் கறுப்புத்தானாம். யாரைக் குத்திக்காட்ட இது? ஊர் என்ன நினைக்கும்? டீச்சர் ஏதோ கொடுமை செய்துவிட்டாள் என்று நினைக்காதா?

ஹில்டன் கப்பலில் இருந்து போன் செய்தான். எனக்காகப் பேசுவான் என்று காத்திருந்தேன். "அக்கா, நீ ஏன் அதத் தொட்ட?" என்றான். அவ்வளவுதான். நான் தூக்கி வளர்த்த பிள்ளை. பிறகு, "லியானா ஸ்கூலுக்குப் பக்கமா வீடு பாத்திருக்கேன்" என்றான். தூத்துக்குடியில் பள்ளிக்கூடமே இல்லையா? காலமெல்லாம் நான் வேறு எங்கே வேலை பார்த்தேன்?

ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை பிள்ளை என்னோடு போனில் பேசும். போன வாரம் ரகசியமாகச் சொன்னது. "அத்தை, வர்ற வெள்ளிக்கிழமை அம்மா பீக்கோ செய்யப் போறா. அம்மம்மாவுக்கு. புது அரிசி வந்திருக்கு. இந்தத் தடவை கதவப் பூட்டிட்டுத்தான் செய்வாளாம்."

கதவைப் பூட்டிக்கொண்டு! கள்ளன் வருகிற மாதிரி! நான் என்ன பையில் ஏலக்காய் வைத்துக்கொண்டு ஊர் ஊராக அலைகிறேனா?

வெள்ளிக்கிழமை என்றால் இன்றைக்குத்தான். அதனால்தான் கிளம்பிவிட்டேன். யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால்தான் போகவேண்டுமா, தம்பி வீட்டுக்கு? நானே செய்து கொண்டுவந்துவிட்டேன். இந்தா, இதுதான். பீக்கோ. சென்னைக்கு ஆள் சொல்லி அந்த ஒட்டரிசியை வரவழைத்து, விடியுமுன் எழுந்து, அவள் செய்கிற மாதிரியே செய்தேன். கருப்பட்டி இல்லை, சுக்கு இல்லை, நெய் இல்லை, முந்திரி இல்லை. கசண்டை அதே பொன்னிறத்தில் வறுத்தேன். "பாரு, எனக்கும் சப்புன்னு செய்யத் தெரியும், உங்க அம்மாவுக்கு முன்னால வை" என்று கையில் கொடுக்கப்போகிறேன். கொடுத்துவிட்டுச் சண்டையை ஆரம்பிப்பேன். யார் மேல் குற்றம் என்று அவளே சொல்லட்டும்.

பார்த்து, பார்த்து. வல்லநாட்டுப் பாலம் வந்துவிட்டது. தூக்கிப் போடுகிறான் பார். பிடி, டப்பாவைப் பிடி. ஐயையோ மூடி. நல்லவேளை, கொட்டவில்லை. கசண்டுதான் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. கொடு, மூடுகிறேன்.

என்ன?

என்ன மணக்கிறது?

உனக்கு மூக்கில் கோளாறு. முன் சீட்டில் யாராவது பாயசம் கொண்டுபோவார்கள். ஏலக்காயாம். நான்தான் சொன்னேனே, அவள் செய்கிற மாதிரியே என்று.

சரி. ஒன்று. ஒன்றே ஒன்று. நாலு இல்லை. அரைப்படி அரிசிக்கு ஒன்று என்றால் தெரியவே தெரியாது. வாயில் வைத்தால் சாம்பல் மாதிரி இருந்தது, அதை எப்படி ஒரு மனுஷி முன்னால், அதுவும் செத்துப்போன மனுஷி முன்னால் வைக்கச்சொல்லிக் கொடுப்பது? அதனால் ஒன்றை நசுக்கி...

ருசி பார்த்தேனா என்றா கேட்கிறாய்? பார்க்காமல்? செய்கிறவள் வாயில் வைத்துப் பார்க்காமல் எப்படி அம்மா பிறருக்கு...

ஏன் அப்படிப் பார்க்கிறாய்? நான் என்ன சொல்லிவிட்டேன்? என் வகுப்பில் உட்கார்ந்த பிள்ளை ஒன்றுகூட என்னை இப்படிப் பார்த்ததில்லை. முன்னால் பார். ரோட்டைப் பார்.

...

இந்த டிரைவருக்கு என்ன அவசரமோ. கே.டி.சி. நகர் வந்துவிட்டது. அடுத்தது நான்.

உனக்கு இரண்டு பிள்ளைகள் என்றாயே, கொஞ்சம் முன்னால். இந்தா. பிடி. டப்பாவைத்தான் சொல்கிறேன், பிடி. மடியில் நிமிர்த்தி வை, சாய்க்காதே. எனக்குக் கை வலிக்கிறது. தூத்துக்குடியில் இருந்து தூக்கிக்கொண்டு வந்தது நீயா, நானா? உன் பிள்ளைகளுக்கு ஏலக்காய் பிடிக்கும்தானே? பிறகென்ன. டப்பாவைத் திருப்பித்தர வேண்டாம். எங்கே கொண்டுவந்து தருவாய்?

சண்டையா? போடாமல் இருப்பேனா? அதற்குத்தானே வந்தேன். ஆமாம், வெறுங்கையோடுதான். அதற்கு நீ ஏன் முகத்தைச் சுளிக்கிறாய்? அவள் இந்நேரம் கதவைப் பூட்டியிருப்பாள். பூட்டட்டும். நான் தட்டப்போவதில்லை. செருப்புக் கழற்றுகிற படி ஒன்று எந்த வீட்டுக்கும் இருக்கும். அதில் உட்கார்ந்திருக்கிறேன். அது வேகட்டும், எடுக்கட்டும், படத்துக்கு முன்னால் வைக்கட்டும், போனில் அழுது முடிக்கட்டும், அந்தக் கறுப்பைக் கழற்றித் தொலைக்கட்டும். கதவு இடுக்கு வழியாக மணம் வரும். வரட்டுமே. அது எனக்கு இல்லை. எனக்கு இல்லாததற்கு நான் எதற்குக் கதவைத் தட்டவேண்டும்?

அந்தப் பதிலா? பிறகு சொல்லிக்கொள்ளலாம். பதில் எங்கே போய்விடும்.

தள்ளு, வழியை விடு. ஏப்பா கண்டக்டர், எத்தனை தரம் சொல்வது உனக்கு? இறங்க ஆள் இருக்கிறது. நிறுத்து.